பாலிச்சின் மணிக்கட்டு

ஒரு தொடரில் நான்காவதாக வந்த அணியின் ஆட்டக்காரரைத் தொடர் நாயகன் என்று அறிவித்தால் நம் ஊர் டீக்கடையில் என்ன பேச்சு கிளம்பும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு தடவை என்றால் ஆறுதல் பரிசு, போகட்டும் என்று விட்டுவிடலாம். இவானோ பாலிச் என்கிற குரோவேஷிய ஹேண்ட்பால் ஆட்டக்காரருக்கு அது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது. 2004 ஐரோப்பியப் போட்டியில் குரோவேஷியா நான்காமிடம். தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பாலிச். 2005 உலகக் கோப்பை இறுதியில் ஸ்பெயினிடம் 40-34 என்று தோல்வி. சிறந்த ஆட்டக்காரர் பாலிச். 2006 ஐரோப்பியப் போட்டியில் மறுபடி நான்காமிடம், மறுபடி பாலிச். 2007 உலகக் கோப்பையில் காலிறுதியில் பிரான்ஸிடம் தோற்று, கடைசியில் ஐந்தாமிடம். அப்போதும் அவரேதான். இந்த வரிசை எனக்குத் தெரியவந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் மனசில் சரியாக உட்காரவில்லை.

முதலில் ஒரு பெயர்ப் பஞ்சாயத்தை முடித்துவிடுகிறேன். ஜெர்மனியில் இருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவிடம் "ஹேண்ட்பால் மேட்ச் பார்க்கப் போறேன்" என்றேன். "வாலிபாலா?" என்றார். "இல்லப்பா, ஹேண்ட்பால்." "அதான், கைப்பந்து." அவர் மேல் தப்பில்லை. தமிழில் வாலிபாலுக்குக் கைப்பந்து என்று பெயர் வைத்துவிட்டோம். த்ரோபாலுக்கு எறிபந்து என்று கொடுத்தாகிவிட்டது. உண்மையிலேயே கையில் பிடித்து, கையால் எறிந்து கோல் போடும் விளையாட்டுக்குப் பெயர் மிச்சமில்லை. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஹேண்ட்பால்தான். பக்கத்துக்கு ஏழு பேர், 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், கோலுக்கு முன்னால் ஆறு மீட்டர் வளையம், அதற்குள் கோல்கீப்பரைத் தவிர யாரும் நிற்கக் கூடாது. இது தெரிந்தால் போதும்.

நான் வேலை பார்த்தது வெட்ஸ்லாரில். லான் ஆற்றங்கரையில் சின்ன ஊர், லைக்கா கேமரா பிறந்த இடம். ஊரே கண்ணாடி வில்லைகளால் பிழைக்கிறது, நானும் அப்படித்தான் பிழைத்தேன். வில்லை ஒன்றின் வளைவு அளவு தப்பினால் அதைக் கண்டுபிடித்து ஓரம் தள்ளுவது என் வேலை. எதையும் எண்ணாக மாற்றிப் பார்க்கிற புத்தி அங்கேதான் முற்றியது. மாடியில் குடியிருந்தவர் குரோவேஷியாவின் கடலோரப் பகுதியான டால்மேஷியாவிலிருந்து வந்த பெரியவர். குரோவேஷியா அப்போது சேர்ந்திருந்த யூகோஸ்லாவியாவோடு மேற்கு ஜெர்மனி 1968இல் ஆள் எடுக்கும் ஒப்பந்தம் போட்டதே, அந்த அலையில் வந்து, தொழிற்சாலையில் முதுகு தேய்ந்து, ஓய்வு பெற்றவர். என்னை "யுங்கே" என்று கூப்பிடுவார். நம் ஊர்த் 'தம்பி' மாதிரி. 2013 இலையுதிர் காலத்தில் ஒரு நாள் மாடிப்படியில் மூச்சு வாங்க இறங்கி வந்து, "தம்பி, பாலிச் நம்ம ஊருக்கு வர்றான்" என்றார். யார் பாலிச் என்று கேட்டேன். என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

பின்னால்தான் விவரம் தெரிந்தது. மாட்ரிட்டில் அவர் ஆடிக்கொண்டிருந்த அட்லெட்டிகோ ஹேண்ட்பால் கிளப் 2013இல் பணமில்லாமல் மூடப்பட்டது. 34 வயதில், ஒலிம்பிக் தங்கமும் உலகக் கோப்பையும் வென்ற மனிதர், 2003, 2006 என்று இரண்டு தடவை உலகின் சிறந்த ஆட்டக்காரர் என்று பெயர் வாங்கியவர், ஐந்தாயிரம் பேர்கூட உட்கார முடியாத அரங்கம் உள்ள எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். பெரியவருக்கு அது ஏதோ சாமி தெருவுக்கே வந்த மாதிரி.

பிசின்

முதல் ஆட்டம் பார்த்தபோது ஏமாற்றமாகத்தான் இருந்தது. எதிரணி யார் என்பதுகூட மறந்துவிட்டது. நெற்றியில் பட்டை, பின்னால் நீள முடி, ஆறடிக்கு மேல் உயரம். ஓடுகிறாரா நடக்கிறாரா என்று தெரியாத வேகம். பந்து எதிரணிக்குப் போனால் நேராக பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிடுவார், தடுப்பதற்கு வேறு ஆள் உள்ளே ஓடும். பந்து திரும்பி வந்ததும் எழுந்து வருவார். "இது என்ன, பாதி வேலைக்கு முழுச் சம்பளமா?" என்று கேட்டுவிட்டேன். பெரியவர் பதில் சொல்லவில்லை. "கையைப் பார்" என்றார்.

கையைப் பார்த்தேன். ஹேண்ட்பாலில் பந்து வழுக்காமல் இருக்க விரல்களில் பிசின் தடவிக்கொள்வார்கள். ஆட்டத்தின் நடுவில் தேவைப்படும் என்று காலணியின் ஓரத்திலும் ஒரு உருண்டை அப்பி வைத்திருப்பார்கள். போகிற போக்கில் குனிந்து விரலைத் தொட்டுக்கொள்வார்கள். பலாச்சுளை எடுத்த கை மாதிரி இருக்கும். அந்தப் பிசின் இருப்பதால் பந்தை உள்ளங்கை கீழே பார்க்கப் பிடித்துக்கொண்டு கையை வீசலாம், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோகலாம், விடுவது மாதிரி விட்டு விடாமல் இருக்கலாம். எல்லா ஆட்டக்காரர்களுக்கும் அதே பிசின்தான். ஆனால் பாலிச் குதித்தால் ஒரு விஷயம் நடந்தது. ஒன்பது மீட்டரில் நடுவில் எழும்புகிறார், கை பின்னால் போகிறது, தோள் திறக்கிறது, எதிரே இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு எழும்புகிறார்கள், கோல்கீப்பர் ஒரு பக்கம் சாய்கிறார். அரங்கத்தில் எல்லார் கண்ணும் அந்தக் கையில். தோளுக்கும் விரலுக்கும் நடுவில் மணிக்கட்டு மட்டும் ஒரு சுண்டு சுண்டுகிறது. பந்து தலைக்குப் பின்னாலிருந்து கீழ்நோக்கி, எழும்பின இரண்டு பேரின் இடுப்புக்கு நடுவில் புகுந்து, ஆறு மீட்டர் கோட்டில் முதுகைக் காட்டி நின்றவன் கையில் விழுகிறது. அந்த இடத்தில் ஆடுகிறவனைப் பிவட் என்பார்கள். ஜெர்மானியர்கள் க்ரைஸ்லாய்ஃபர் என்பார்கள். தடுப்புக்காரர்களோடு மல்லுக்கட்டுவதே அவன் பிழைப்பு. அவன் திரும்பினான், எறிந்தான், கோல். ஸ்கோர் பலகையில் அவன் பெயர் வந்தது. பாலிச் ஏற்கெனவே நடந்து திரும்பிக்கொண்டிருந்தார்.

பெரியவர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். வலித்தது.

இவர் சின்ன வயதில் கூடைப்பந்து ஆடியவர் என்று அப்புறம் படித்தபோது ஆச்சரியமாக இல்லை. பிறந்தது 1979 ஏப்ரல் 1, ஸ்பிளிட் நகரத்தில். அவர் பையனாக இருந்தபோது அந்த ஊர் கூடைப்பந்து அணி டோனி குகோச், தீனோ ராஜா என்று இளவட்டங்களை வைத்துக்கொண்டு 1989, 1990, 1991 என்று வரிசையாக மூன்று வருஷம் ஐரோப்பிய சாம்பியன் ஆனது. அப்படிப்பட்ட ஊரில் எந்தப் பையன்தான் ஹேண்ட்பால் பக்கம் போவான்? குகோச்சைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு, பார்க்காமல் பந்தைக் கொடுப்பது தெருவிளையாட்டு. பாலிச் அதை வேறொரு மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார் என்பது என் ஊகம்.

எண்ணிக்கைத் தகராறு

ஸ்பிளிட்டில் தொடங்கி, நெரெத்வா ஆற்றோரம் மெட்கோவிச் என்ற சின்ன ஊர் கிளப், அப்புறம் ஸ்பெயினில் பம்ப்லோனா, 2008இல் ஜாக்ரெப், பிறகு மாட்ரிட், கடைசியில் எங்கள் வெட்ஸ்லார். கிளப் வாழ்க்கையை இவ்வளவில் முடித்துவிடலாம். ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை அவர் ஒருபோதும் ஜெயிக்கவில்லை. 2006இல் இறுதி வரை போய்த் தோற்றார். அவர் பெயர் வீட்டுக்கு வீடு போனதற்குக் காரணம் தேசிய அணி.

அந்தக் கதை 2003இல் போர்ச்சுகலில் தொடங்குகிறது. முந்தைய வருஷம் ஐரோப்பியப் போட்டியில் கடைசி இடத்தில் வந்த அணி. புதுப் பயிற்சியாளர் லீனோ செர்வார், கவிதை எழுதுகிறவர், பின்னால் நாடாளுமன்றத்துக்கும் போனவர். உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்திலேயே அர்ஜென்டினாவிடம் ஒரு கோலில் தோற்றார்கள். ஹேண்ட்பாலில் அர்ஜென்டினாவிடம் தோற்பது அன்றைக்குப் பெரிய அவமானம். அங்கிருந்து எழுந்து, அரையிறுதியில் ஸ்பெயினை இரண்டு கூடுதல் நேரம் தாண்டி 39-37 என்று வென்று, இறுதியில் ஜெர்மனியை 34-31 என்று முடித்தார்கள். பாலிச்சுக்கு வயது 23. அடுத்த வருஷம் ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியில் அதே ஜெர்மனி, 26-24, தங்கம். அன்றைக்கு நாற்பத்தைந்து லட்சம் பேர்கூட இல்லாத நாட்டில் அது என்ன செய்திருக்கும் என்று நம்மால் 1983ஐ வைத்துக் கொஞ்சம் ஊகிக்க முடியும்.

வினோதம் என்னவென்றால், 25 வயதில் அவர் வென்ற அந்தத் தங்கம்தான் கடைசி. அதற்குப் பிறகு தேசிய அணியோடு நான்கு இறுதி ஆட்டம் ஆடினார்: 2005 உலகக் கோப்பை, 2008 ஐரோப்பா, 2009 உலகக் கோப்பை, 2010 ஐரோப்பா. நான்கிலும் தோல்வி. ஆனால் புகழ் குறைந்ததா என்றால் இல்லை, ஏறிக்கொண்டே போனது. இங்கேதான் எனக்கும் பெரியவருக்கும் தகராறு. நான் எண்ணிக்கைக்காரன். பிரான்ஸின் நிகோலா கரபாட்டிச்சை எடுத்துக்கொண்டேன். அவர் ஆட்டத்தை விட்டபோது மூன்று ஒலிம்பிக் தங்கம், நான்கு உலகக் கோப்பை, நான்கு ஐரோப்பியப் பட்டம். கோல் போடுவார், கொடுப்பார், முக்கியமாக, தடுப்பிலும் நிற்பார். பெஞ்சில் போய் உட்கார மாட்டார். "இதுக்கு மேல என்ன வேணும்?" என்பேன். பெரியவர், "அவனும் நம்ம பையன்தான், சட்டைதான் மாறிப்போச்சு" என்பார். அதுவும் பொய்யில்லை. கரபாட்டிச்சின் அப்பா ஸ்பிளிட்டிலிருந்து அதிக தூரமில்லாத கிராமத்துக்காரர், கோல்கீப்பர். பிள்ளை பிறந்தது செர்பியாவின் நீஷில், வளர்ந்தது பிரான்ஸில். தந்தை வழியில் ஒரே கடற்கரையின் பிள்ளைகள் இரண்டு பேர். ஒருவர் கையால் இன்னொருவருக்கு அடி.

2009 பிப்ரவரி 1

அடி என்று சொன்னது இதைத்தான். 2009 உலகக் கோப்பையை குரோவேஷியா தன் வீட்டிலேயே நடத்தியது. அதற்கென்றே ஜாக்ரெபில் புது அரங்கம் கட்டினார்கள், 15,000 பேர் உட்காரலாம். பாலிச்சுக்கு 29 வயது, ஒரு ஹேண்ட்பால் ஆட்டக்காரனுக்கு உடம்பும் மூளையும் சேர்ந்து வேலை செய்கிற வயது. இறுதிக்கு வரும் வழியில் பிரான்ஸை ஒரு தடவை வென்றும் இருந்தார்கள். அரையிறுதியில் போலந்தை 29-23 என்று அனுப்பினார்கள். பெரியவர் அன்றைக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் தன் ஊர்க்காரர்கள் கூடும் ஒரு இடத்தில் டிவி முன்னால் இருந்தாராம். ஆட்டுக்குட்டியைக் கம்பியில் சொருகி நெருப்பில் சுற்றவிட்டிருந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் வெட்டலாம் என்று.

பாதி ஆட்டம் முடிந்தபோது குரோவேஷியா 12-11 என்று முன்னால். முடிவு: பிரான்ஸ் 24, குரோவேஷியா 19. கழித்துப் பாருங்கள். சொந்த மண்ணில், சொந்தக் கூட்டத்தின் நடுவில், இரண்டாவது அரைமணி நேரத்தில் ஏழு கோல். முப்பது நிமிஷத்துக்கு ஏழு என்பது ஹேண்ட்பாலில் கிட்டத்தட்ட மௌனம். பெரியவரோடு பேசி அலுத்துப்போய், ஒரு குளிர்கால இரவில் அந்த ஆட்டத்தை இணையத்தில் தேடி நானே போட்டுப் பார்த்தேன். நடுவில் நிறுத்தி நிறுத்தி, வில்லை சோதிக்கிற மாதிரி. பிரெஞ்சுத் தடுப்பின் நடுவில் திதியே தினார் என்கிற மலை, பின்னால் கோலில் தியரி ஓமேயர். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: பாலிச்சின் கை தலைக்குப் பின்னால் போகும்போது மற்ற அணிகள் எல்லாம் கையைப் பார்க்கும். பிரெஞ்சுக்காரர்கள் பிவட்டைப் பார்த்தார்கள். வெளியிலிருந்து எறிவதானால் எறிந்துகொள், பின்னால் ஓமேயர் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள். மணிக்கட்டு அப்போதும் சுண்டத் தயாராகத்தான் இருந்தது. பந்து போக வேண்டிய சந்துதான் அடைபட்டுவிட்டது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் தோற்ற அணிக்கே போயிற்று. ஆனால் இந்தத் தடவை பாலிச்சுக்கு இல்லை; பிவட் இகோர் வோரிக்கு. அதுவரை கொடுத்தவனுக்குப் போன விருது, இப்போது வாங்கியவனுக்கு. நான் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, ஏதோ வாதத்தில் ஜெயித்துவிட்ட மாதிரிதான் சொன்னேன். "பார்த்தீங்களா, கடைசியில் கோல் போட்டவனுக்குத்தானே கொடுத்தாங்க." அவர் காபியைக் கலக்கிக்கொண்டே, "வோரிக்குப் பந்து எங்கேயிருந்து வந்தது தம்பி?" என்றார். எனக்குப் பதில் இல்லை. என் வேலையிலும் அப்படித்தான். படம் துல்லியமாக விழுந்தால் கேமராவைப் பாராட்டுவார்கள், எடுத்தவரைப் பாராட்டுவார்கள். நடுவில் இருக்கிற வில்லையை யாரும் பார்ப்பதில்லை. அதன் ஊடாகத்தானே பார்க்கிறார்கள்.

ஆனாலும் முழுசாக அவர் பக்கம் சாயவும் என்னால் முடியவில்லை. ஒன்று சொல்ல வேண்டும், பெரியவர் இதைப் படிக்க மாட்டார் என்கிற தைரியத்தில் சொல்கிறேன். அந்தப் பத்து வருஷமும் குரோவேஷியா ஒரு மணிக்கட்டின் மேல் அளவுக்கு மீறி மயங்கிக் கிடந்தது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கூடவே பெதர் மெட்லிச்சிச் என்கிற இடதுகைக்காரர் இருந்தார், ஓரத்தில் மிர்சா ஜோம்பா இருந்தார், யாரும் சாதாரண ஆள் இல்லை. இத்தனை பேரை வைத்துக்கொண்டு ஐரோப்பியப் பட்டம் ஒன்றுகூட வாங்கவில்லை. நெருக்கடியான நிமிஷத்தில் எல்லாரும் நடுவில் நிற்கிறவனைத் திரும்பிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டால், எதிரணிக்கும் எங்கே பார்ப்பது என்று தெரிந்துவிடும். விருது கொடுத்தவர்கள் தப்புச் செய்யவில்லை. அவர்கள் பார்த்தது அவ்வளவு அழகு. அந்த அழகுக்கு நாடு கொடுத்த விலையும் கொஞ்சம் உண்டு என்பதுதான் என் கட்சி.

இதே கட்சியை நடைமுறையில் காட்டியவர் ஸ்லாவ்கோ கொலுஜா. 2003இலும் 2004இலும் பாலிச்சோடு சேர்ந்து தங்கம் வென்ற சகா. அப்புறம் தேசிய அணியின் பயிற்சியாளர் ஆனார். லண்டன் ஒலிம்பிக்கில் பாலிச்சை வைத்துக்கொண்டு வெண்கலம் வாங்கினார். அது முடிந்து சில மாதங்களில், 2013 உலகக் கோப்பைக்கான அணியில் பாலிச் பெயர் இல்லை. நாடே கொதித்தது என்றார் பெரியவர். கொதித்தது நாடா இவரா என்பது எனக்குத் தெரியாது. அந்த அணி பாலிச் இல்லாமல் போய் ஸ்லோவேனியாவை வென்று வெண்கலம் வாங்கி வந்தது. அதே நிறப் பதக்கம். எண்ணிப் பார்த்தால் கொலுஜா சரி. "எண்ணாதே" என்பார் பெரியவர்.

2015இல் பாலிச் எங்கள் ஊரிலேயே ஆட்டத்தை விட்டார். கடைசி மாதங்களில் அவர் உள்ளே இறங்கும்போது எதிரணி ஆதரவாளர்களும் எழுந்து கைதட்டியதைப் பார்த்திருக்கிறேன். சின்னப் பையன்கள் நெற்றியில் பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். இவர்களுக்கு 2003உம் தெரியாது, ஏதென்ஸும் தெரியாது. அப்பாக்கள் சொல்லி வந்தவர்கள். ஆட்டம் முடிந்து அவர் பலகையோரமாக நின்று ஒவ்வொரு சட்டையிலும் கையெழுத்துப் போட்டார். பிசின் காயாத விரலால் போட்டதில் ஒரு பையனின் சட்டையில் விரல் ரேகை அப்படியே பழுப்பாக ஒட்டிக்கொண்டது. அவன் அம்மா பதறி நனைத்த துணியை எடுத்தார். பையன் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டான்.

சில வருஷம் கழித்து ஸ்பிளிட் போனேன். துறைமுகத்தின் மேற்குக் கரையோரம் நடைபாதையில், ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய ஊர்க்காரர்களின் பெயர்களை உலோகத் தகடுகளில் பொறித்து, தரையிலேயே வரிசையாகப் பதித்திருக்கிறார்கள். அந்த ஊரில் அது கொஞ்சநஞ்ச நீளமில்லை, நடந்துகொண்டே இருக்கலாம். ஒலிம்பிக் பதக்கத்துக்கு மட்டும்தான் அங்கே இடம். தோற்ற தொடர்களின் நாயகன் விருதுகளுக்குத் தகடு கிடையாது. வெயில் கொளுத்தியது. பாலிச் பெயரைக் கண்டுபிடிக்க அரைமணி ஆயிற்று. ஒரு ஐஸ்கிரீம் உருகி ஓரத்தில் சிந்திக் காய்ந்திருந்தது, மேலே செருப்புத் தடங்கள். படம் எடுத்துப் பெரியவருக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "துடைத்தாயா?"

துடைக்கவில்லை. திரும்பி நடந்தேன்.